டகோட்டாவுக்கு மாற்று எது? சிறுநகர விமானத் தேர்வில் எழுபது ஆண்டு விவாதம்

1953 ஆகஸ்டில் எட்டு நிறுவனங்களை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அதன் கைக்கு வந்த விமானங்களில் எழுபதுக்கும் மேற்பட்டவை டக்ளஸ் டிசி-3 வகை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உபரியாக நின்றவை அவை. டகோட்டா என்றால்தான் மக்களுக்குத் தெரியும். அவை பழையனவாகிக்கொண்டிருந்தன. அவற்றின் இடத்தில் எதை வாங்குவது என்ற கேள்வி அப்போதே எழுந்தது, இன்றுவரை ஓயவில்லை. டகோட்டாவுக்குப் பதில் ஃபாக்கர், ஃபாக்கருக்குப் பதில் ஆவ்ரோ, ஆவ்ரோவுக்குப் பதில் டார்னியர், பிறகு ஏடிஆர், கியூ400, எம்ப்ரேயர் என்று விடைகள் மாறின. கேட்கப்பட்டது மட்டும் ஒன்றேதான்: 200 முதல் 600 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நடுத்தர ஊர்களுக்கு, நஷ்டமில்லாமல், பாதுகாப்பாக, தினமும் போய்வர எந்த விமானம் ஏற்றது?

இதைப் பொறியாளர்களின் கேள்வியாக மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் வந்ததும் நின்றதும் பெரும்பாலும் இந்தத் தேர்வின் விளைவுகள். விமான நிலையமே இல்லாத காஞ்சிபுரத்துக்கும், அருகே பரந்தூரில் புதிய விமான நிலையம் அறிவிக்கப்பட்ட பின் இதில் பங்கு உண்டு. இதுவரை முன்வைக்கப்பட்ட முக்கிய விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே சறுக்கின என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டகோட்டா விட்டுப்போன இடம்

டிசி-3 முதலில் பறந்தது 1935இல். மண் தரையிலும் இறங்கும், எளிய கருவிகளால் பழுதுபார்க்கலாம், இருபது முப்பது பேரை ஏற்றிச் செல்லும். ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10 அன்று தன் முதல் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியதும் டகோட்டாவில்தான். ஆனால் அதில் காற்றழுத்தக் கட்டுப்பாடு இல்லை. வேகமும் குறைவு. மேகத்துக்கு மேலே ஏறிப் போக முடியாததால் பருவமழைக் காலத்தில் பயணிகள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இந்த இடத்தைப் பிடிக்கவென்றே வடிவமைக்கப்பட்டது நெதர்லாந்தின் ஃபாக்கர் எஃப்27. 1955இல் முதலில் பறந்தது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் டார்ட் எஞ்சின்கள் அதை இயக்கின. டர்பைனைக் கொண்டு புரொப்பல்லரைச் சுழற்றும் டர்போபிராப் வகை எஞ்சின் அது. இந்தியன் ஏர்லைன்ஸ் இதை 1961இல் சேவைக்குக் கொண்டுவந்தது. பெருநகரத் தடங்களில் 1957 முதலே விக்கர்ஸ் வைக்கவுண்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதே 1961 நவம்பரில் கான்பூரில் பொருத்தப்பட்ட முதல் ஆவ்ரோ 748 விண்ணில் ஏறியது. அதிலும் அதே டார்ட் எஞ்சின்தான். விமானப் படைக்கும் பயணிகள் சேவைக்கும் ஒரே விமானம், அதுவும் உள்நாட்டில் தயாராவது என்பது அரசின் கணக்கு. 1967இல் இந்தியன் ஏர்லைன்ஸும் அதைப் பெற்றது.

இங்கேதான் இந்திய விவாதத்தின் முதல் பெரிய திருப்பம் வருகிறது. ஓர் எஞ்சின் நின்றுபோனால், நம் வெயிலில் இந்த விமானம் போதிய அளவு மேலேறுமா என்ற ஐயம் எழுந்தது. விமானங்களின் திறன் கணக்கிடப்படுவது கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் என்ற அளவுகோலில். மே மாதம் 40 டிகிரி அடிக்கும்போது காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 விழுக்காடு குறைகிறது. இறக்கை தாங்குவதும் குறையும், எஞ்சின் தள்ளுவதும் குறையும். 1970களின் தொடக்கத்தில் இதை ஆராயப் பேராசிரியர் சதீஷ் தவன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. வெளிநாட்டுச் சான்றிதழில் அச்சிட்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இந்தியக் காற்றில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற கருத்து அன்றுமுதல் விமானத் தேர்வின் பகுதியானது. இந்த எழுபது ஆண்டு விவாதம் நமக்குத் தந்த உருப்படியான பயன்களில் இதை முதலாவதாகச் சொல்லலாம்.

அதே பத்தாண்டில் போக்கு வேறு திசையில் போனது. போயிங் 737-200 வந்தது. பெரிய விமானம் வந்ததும் நூற்றுக்கு மேற்பட்ட இருக்கைகளை நிரப்ப முடியாத ஊர்கள் கால அட்டவணையிலிருந்து மெல்ல நழுவின. விமானத்தின் அளவு கூடும்போதெல்லாம் சேவை பெறும் ஊர்களின் எண்ணிக்கை குறையும் என்ற போக்கு பின்னாளில் பலமுறை திரும்பியது.

நாமே செய்யலாம் என்ற விடை

உள்நாட்டில் தயாராகும் விமானத்தையே வாங்க வேண்டும் என்ற நிலைப்பாடு ஆவ்ரோவோடு தொடங்கியது. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கான்பூரில் மொத்தம் 89 ஆவ்ரோக்களைக் கட்டியது. அவற்றில் பெரும்பங்கு விமானப் படைக்குப் போயிற்று. அந்தப் படையே அவற்றுக்கு மாற்றாக 56 சி-295 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட 2021 செப்டம்பர்வரை ஆனது என்பது, மாற்று விமானம் தேடுவது எவ்வளவு நீளும் என்பதற்குச் சான்று.

அடுத்து வந்தது வாயுதூத். 1981 ஜனவரியில் இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் சேர்ந்து, முதலில் வடகிழக்கு மாநிலங்களுக்காகத் தொடங்கிய நிறுவனம். 1983இல் ஜெர்மனியின் டார்னியர் 228 விமானத்தைக் கான்பூரில் தயாரிக்க உரிமம் பெறப்பட்டது. கடலோரக் காவல் படை, விமானப் படை, வாயுதூத் மூன்றுக்கும் சேர்த்தே அந்தத் தேர்வு. வாயுதூத் வெகுவேகமாகப் பரவி, அதுவரை விமானத்தையே காணாத ஊர்களுக்கெல்லாம் போனது. ஆனால் டார்னியர் 20 இருக்கைக்கு உட்பட்ட, காற்றழுத்தக் கட்டுப்பாடில்லாத விமானம். இரண்டு விமானிகளின் சம்பளம், தரைப் பணி, பராமரிப்பு எல்லாவற்றையும் அத்தனை சிறிய எண்ணிக்கையில் வகுத்தால் ஒரு பயணியின் செலவு ஏறிவிடும். தடங்களைத் தேர்ந்ததில் அரசியல் அழுத்தமும் இருந்தது. 1993இல் வாயுதூத்தை இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைக்க முடிவானது.

பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த சரஸ் என்ற சிறு விமானம் 2004 மே மாதம் முதலில் பறந்தது. 2009 மார்ச்சில் அதன் இரண்டாம் மாதிரி விபத்துக்குள்ளாகி மூன்று பேர் உயிரிழந்தனர். 70 இருக்கையை ஒட்டிய உள்நாட்டு விமானம் பற்றிய திட்டமும் அதே ஆய்வகத்தில் பேசப்பட்டது, உற்பத்திக்கு வரவில்லை. 2022 ஏப்ரலில் கான்பூர் டார்னியர் மீண்டும் பயணிகள் சேவைக்கு வந்தது: அலையன்ஸ் ஏர் திப்ரூகர் – பாசிகாட் தடத்தில் அதை ஓட்டியது. 2025 அக்டோபரில் ரஷ்யாவின் எஸ்ஜே-100 ஜெட்டை இந்தியாவில் தயாரிப்பது பற்றிப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது.

இந்த நிலைப்பாட்டின் வலிமை தெளிவானது. உதிரிபாகம் கிடைக்கும், அந்நியச் செலாவணி மிச்சம், தொழில்நுட்பம் வளரும். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையை வளர்ப்பது ஒரு நோக்கம், சேலத்துக்குத் தினமும் விமானம் விடுவது வேறு நோக்கம். முதலாவதுக்காகத் தேர்ந்த விமானத்தை இரண்டாவதன் தலையில் கட்டும்போது, நஷ்டம் தொழிற்கொள்கையின் கணக்கில் எழுதப்படுவதில்லை, சிறுநகரச் சேவையின் கணக்கில் எழுதப்படுகிறது. வாயுதூத்தின் வரலாற்றை இப்படியும் படிக்கலாம்.

புரொப்பல்லரா, ஜெட்டா?

விவாதத்தில் அதிகம் பேசப்பட்டது இதுதான். புரொப்பல்லர் நிறையக் காற்றை மெதுவாகப் பின்தள்ளுகிறது. ஜெட் குறைந்த காற்றை வேகமாகத் தள்ளுகிறது. மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் முதல் முறையில் வீணாகும் ஆற்றல் குறைவு. ஆகவே குறுந்தொலைவில் டர்போபிராப் எரிபொருளைப் பெருமளவு மிச்சப்படுத்தும். இதை மறுப்பவர் யாருமில்லை. மறுப்பு வருவது வேகத்தைப் பற்றியும் பயணியின் விருப்பத்தைப் பற்றியும்.

வேக வாதத்தைத் தமிழ்நாட்டுத் தொலைவுகளில் வைத்துப் பார்க்கலாம். சென்னையிலிருந்து சேலம் நேர்கோட்டில் ஏறக்குறைய 265 கிலோமீட்டர். டர்போபிராப் வகையான ஏடிஆர் 72, மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரத்தில் கடக்கும். ஜெட் 800 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடத்தில் கடக்க வேண்டும், ஆனால் அந்த வேகத்தை எட்டும் உயரத்துக்கு ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். மிச்சமாவது பத்து நிமிடத்துக்கும் குறைவு. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. தூத்துக்குடி 530 கிலோமீட்டர். அங்கே வேகமான டர்போபிராப்பான கியூ400க்கும் ஏடிஆருக்குமே 15 நிமிட வேறுபாடு வரும். தொலைவு 600, 700 என்று போகும்போதுதான் ஜெட்டின் வாதம் வலுப்பெறுகிறது.

பயணியின் விருப்பம் அளக்கக் கடினமானது. அமெரிக்காவில் 1990களில் புரொப்பல்லர் பழைய காலத்துப் பொருள் என்ற எண்ணம் பரவியது. 1994 அக்டோபரில் ரோஸ்லானில் உறைபனியில் சிக்கி ஓர் ஏடிஆர் விழுந்தது அந்த எண்ணத்தை வலுப்படுத்தியது. 50 இருக்கை ஜெட்டுகள் நூற்றுக்கணக்கில் வாங்கப்பட்டன. அடுத்த பத்தாண்டில் எரிபொருள் விலை ஏறியதும் அவற்றின் பொருளாதாரம் சரிந்தது. 2023 ஜனவரியில் நேபாளத்தின் போகராவிலும் 2024 ஆகஸ்டில் பிரேசிலிலும் நேர்ந்த ஏடிஆர் விபத்துகளுக்குப் பிறகும் அச்சம் மீண்டும் தலைதூக்கியது. போகராவில் விசாரணை சுட்டியது, இரண்டு புரொப்பல்லர்களும் தவறுதலாக உந்துவிசை தராத நிலைக்கு மாற்றப்பட்டதை. ஒரு விபத்தைக் கொண்டு ஒரு விமான வகையையே தீர்ப்பிடுவது சரியாகாது.

இந்தியாவில் இரு பக்கமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஜெட் பக்கத்தில் நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு பாரமவுண்ட் ஏர்வேஸ். மதுரையைச் சேர்ந்த ஜவுளிக் குழுமம் ஒன்று 2005இல் தொடங்கியது. எம்ப்ரேயர் 170, 175 ஜெட்டுகளில் எல்லா இருக்கையும் உயர்வகுப்பு. சென்னை, மதுரை, கோவை போன்ற தென்னகத் தடங்களில் நல்ல பெயரும் எடுத்தது. 2010இல் சேவை நின்றது. குத்தகைதாரர்களோடு வழக்கு, நிதி நெருக்கடி எனக் காரணங்கள் பல இருந்ததால், அந்த வீழ்ச்சியை ஜெட் வகையின் தோல்வி என்று எழுதிவிட முடியாது.

டர்போபிராப் பக்கத்தில் ஜெட் ஏர்வேஸ் 1999 முதலும், ஏர் டெக்கான் 2003 முதலும் ஏடிஆரை நம்பின. சன் குழுமத்தின் கலாநிதி மாறன் வசம் இருந்த காலத்தில் ஸ்பைஸ்ஜெட் 2011இல் கியூ400ஐக் கொண்டுவந்தது. கியூ400இன் ஒவ்வோர் எஞ்சினும் 5,000 குதிரைத்திறனை ஒட்டியது, ஏடிஆரின் எஞ்சின் அதில் பாதியைச் சற்றே தாண்டியது. வேகம் அங்கிருந்துதான் வருகிறது, எரிபொருள் செலவும் அங்கிருந்துதான் வருகிறது.

எல்லாவற்றையும் முயன்று பார்த்த ஒரே நிறுவனம் அலையன்ஸ் ஏர். 1996இல் இந்தியன் ஏர்லைன்ஸின் பழைய 737-200களோடு தொடங்கியது. 2000 ஜூலையில் பாட்னாவில் அவற்றில் ஒன்று விழுந்து 60 பேர் இறந்தனர். விமானிகளின் கையாளுதலே காரணம் என்று விசாரணை சொன்னாலும், பழைய விமானங்களை மாற்றியாக வேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. அதன்பின் ஏடிஆர் 42, சிஆர்ஜே-700 ஜெட் இரண்டையும் சிலகாலம் ஓட்டியது. முடிவில் நிலைத்தது ஏடிஆர் 72. ஒரே நிறுவனத்துக்குள் நடந்த இந்த நீண்ட ஒப்பீடு எந்தத் தயாரிப்பாளரின் விளம்பரக் கணக்கையும்விட மதிப்புள்ளது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு.

சிறுநகரங்களுக்கு ஏடிஆர் பொருந்துவதற்கு எரிபொருள் தவிர வேறு காரணங்களும் உண்டு. அதன் பின்கதவிலேயே படிக்கட்டு இருக்கிறது. வலப்புற எஞ்சினின் புரொப்பல்லரை நிறுத்திவைத்து, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு விமானத்துக்கு மின்சாரமும் குளிர்காற்றும் தரலாம். தரைக் கருவிகள் குறைவாக உள்ள நிலையத்தில் இந்த வசதி பெரிது. ஒரு நாளைக்கு எட்டு முறை ஏறி இறங்கும் விமானத்தில் நின்று கிளம்பும் நேரத்தில் மிச்சமாகும் ஐந்து நிமிடமும் கணக்கில் வரும்.

நாற்பது டன், எண்பது இருக்கை

மேலே சொன்ன எல்லா வாதங்களும் விமானத்தைப் பற்றியவை. ஆனால் இந்தியாவில் தேர்வை அதிகம் வடிவமைத்தது சட்டம் போட்ட இரண்டு கோடுகள் என்று கருத வலுவான காரணம் இருக்கிறது.

இயக்கச் செலவில் எரிபொருளின் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டியும் அதைத் தாண்டியும் போகிறது. விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. மாநிலங்கள் அதற்கு மதிப்புக் கூட்டு வரி விதிக்கின்றன. தமிழ்நாட்டில் அது நெடுங்காலமாக 29 விழுக்காடு. இந்தச் சுமையில் டர்போபிராப் விமானங்களுக்கு முதலில் சலுகை தரப்பட்டது. 2007 மத்திய பட்ஜெட்டில் அந்தச் சலுகை 40,000 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள எல்லா வழக்கமான பயணிகள் விமானங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. விற்பனை வரி 4 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றானது. இன்னொரு கோடு, 80 இருக்கைக்குக் குறைந்த உள்நாட்டு விமானங்களுக்கு அரசு விமான நிலையங்களில் தரையிறங்கு கட்டணம் இல்லை என்ற விதி.

இந்த இரு கோடுகளையும் வைத்துக்கொண்டு இந்திய நிறுவனங்களின் தேர்வுகளைப் பார்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது. பாரமவுண்டின் எம்ப்ரேயர் 175 உச்ச எடையில் 39 டன்னுக்குள் அடங்கும். அதற்கு அடுத்த பெரிய எம்ப்ரேயர் 190 அடங்காது. இன்று ஸ்டார் ஏர் ஓட்டும் எம்ப்ரேயர் 175இல் 76 இருக்கை. இண்டிகோவின் ஏடிஆரில் 78. ஸ்பைஸ்ஜெட்டின் முதல் கியூ400களிலும் 78. பின்னர் அதே நிறுவனம் 90 இருக்கை கியூ400ஐ எடுத்தபோது கூடுதல் 12 இருக்கையின் வருமானத்தை இழக்கும் சலுகையோடு எடைபோட வேண்டியிருந்தது. ஜிஎஸ்டிக்குப் பிறகு வரிச்சட்டத்தின் அமைப்பு மாறியது. ஆனால் அந்தக் கோடுகளுக்குள் வாங்கிய விமானங்கள்தான் இன்றும் பறந்துகொண்டிருக்கின்றன.

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் விமானிகள் சங்கங்கள், துணை நிறுவனங்கள் 76 இருக்கைக்கும் 39 டன்னுக்கும் மேற்பட்ட விமானத்தை ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்தன. அதன் விளைவாக எடை கூடிய புதிய எம்ப்ரேயர் 175-இ2க்கு அங்கே சந்தை கிடைக்கவில்லை. யுனைடெட் நிறுவனத்துக்காக 70 இருக்கை சிஆர்ஜே-700இலிருந்து இருக்கைகளைக் கழற்றி 50ஆகக் குறைத்து ஓட்டுகிறார்கள். புதிய எஞ்சினுள்ள, எரிபொருள் மிச்சப்படுத்தும் விமானம் இருந்தும், காகிதத்தில் எழுதிய ஓர் எண் பழைய விமானத்தைக் காத்து நிற்கிறது.

கோடுகள் வேண்டாம் என்பாரும் உண்டு. சலுகை எங்கே போகிறது என்பதே அவர்களின் கேள்வி. 39 டன் விமானம் சென்னை – பெங்களூர் போன்ற நெரிசல் தடத்தில் ஓடினாலும் சலுகை பெற்றது. 41 டன் விமானம் விமானமே இல்லாத ஊருக்குப் போனாலும் பெறவில்லை. இந்த விமர்சனத்துக்கு இதுவரை சரியான பதில் வந்ததாகத் தெரியவில்லை. மேலே சொன்ன எஸ்ஜே-100 ஏறக்குறைய 46 டன் எடை, நூறை ஒட்டிய இருக்கைகள் கொண்டது. அரசு நிறுவனம் தயாரிக்க முன்வரும் விமானம், அரசு போட்ட இரு கோடுகளுக்கும் வெளியே நிற்கிறது. இந்த முரணைத் தீர்க்காமல் உற்பத்தி வரிசையைத் தொடங்குவது வாயுதூத் காலத்துப் பிழையை மறுபுறமிருந்து செய்வதாக முடியலாம்.

2016இல் அறிவிக்கப்பட்ட உதான் திட்டம் இதற்கு ஓரளவு திருத்தம். அதில் ஆதரவு தடத்தைப் பொறுத்தது. குறிப்பிட்ட தடத்தில் 9 முதல் 40 இருக்கைகள்வரை கட்டண உச்சவரம்போடு விற்றால் மூன்று ஆண்டுக்கு ஈடுதொகை. முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. ஆனால் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை தரும் எண்கள் கவலைக்குரியவை. ஒதுக்கிய 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் 112 மட்டுமே மூன்று ஆண்டை நிறைவுசெய்தன. அதற்குப் பிறகும் 2023 மார்ச்வரை நீடித்தவை 54.

ஒரே வகையா, பல வகையா?

ஒரே வகை விமானத்தை மட்டும் வைத்திருந்தால் விமானிப் பயிற்சி, உதிரிபாகம், மாற்று ஏற்பாடு எல்லாம் எளிது என்பது பழைய வாதம். 2006இல் தொடங்கிய இண்டிகோ பதினோரு ஆண்டு ஏர்பஸ் ஏ320 குடும்பத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை. 2017 டிசம்பரில் ஏடிஆரைச் சேர்த்தது. சிறுநகரப் பயணி ஒருவர் சென்னையிலோ ஹைதராபாதிலோ இறங்கி அதே நிறுவனத்தின் பெரிய விமானத்தில் தொடர்ந்தால், தனியே பார்க்கையில் நஷ்டமாகத் தெரியும் தடமும் மொத்தக் கணக்கில் லாபமாகலாம். இது வலையமைப்பு உள்ள பெரிய நிறுவனத்துக்குப் பொருந்தும். மூன்று நான்கு விமானங்களோடு தொடங்கும் புதிய நிறுவனத்துக்கு இந்த ஆதாயம் இல்லை. அவர்களில் பலர் இரண்டு மூன்று ஆண்டில் மறைந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஓடுபாதை எடுக்கும் முடிவு

தூத்துக்குடியின் ஓடுபாதை நெடுங்காலம் 1,350 மீட்டர். அந்த நீளத்தில் டர்போபிராப் தவிர வேறெதையும் பேச முடியாது. அதை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தார்கள். இப்போது அங்கே ஏ320 இறங்கலாம். இறங்கினால் நாளைக்குப் பல முறை வரும் ஏடிஆருக்குப் பதில் ஒருமுறை வரும் பெரிய விமானம் போதும் என்று ஒரு நிறுவனம் முடிவெடுக்கவும் கூடும். ஓடுபாதை நீள்வது எப்போதும் சேவை பெருகுவதாக ஆகிவிடாது.

சேலம் வேறு பாடம் தருகிறது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் ஏடிஆர் மூலம் சென்னைக்குச் சேவை தொடங்கியது. அந்த நிறுவனமே 2022இல் பறப்பதை நிறுத்தியது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் மீண்டும் வந்தன, இரண்டும் ஏடிஆரோடு. விமான வகை மாறவில்லை. மாறியது நிறுவனத்தின் நிதிவலு. வேலூர், நெய்வேலி ஓடுபாதைகளோ இருபது இருக்கைக்கு உட்பட்ட விமானத்துக்கானவை. அந்த அளவில் லாபத்தில் ஓட்டக்கூடிய நிறுவனத்தை உதான் ஈடுதொகையோடும் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை.

யாழ்ப்பாணம் தனித்துச் சொல்லத்தக்கது. பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து முதலில் இறங்கியது அலையன்ஸ் ஏரின் ஏடிஆர். பெருந்தொற்றால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் ஏடிஆரோடு சேர்ந்துகொண்டது. குறுகிய ஓடுபாதை, 350 கிலோமீட்டர் தொலைவு, நாளுக்கு ஒரு விமானம் நிறையும் பயணிகள்: டர்போபிராப்புக்கென்றே அமைந்த தடம் இது. கலியாணப் பட்டு எடுக்கப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வரும் யாழ்ப்பாணக் குடும்பத்துக்கும், காமாட்சி அம்மன் கோயிலுக்கு வருபவர்களுக்கும் இந்த 70 இருக்கை விமானம் நேர் வழி.

சென்னையின் நேர ஒதுக்கீடும் பரந்தூரும்

சிறிய விமானத்துக்கு எதிரான மிக வலுவான வாதம் சிறிய ஊரிலிருந்து வருவதில்லை, பெருநகரிலிருந்து வருகிறது. சென்னையின் இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றதைச் சுதந்திரமாகப் பயன்படுத்த முடியாது. ஒரு மணி நேரத்தில் கையாளக்கூடிய விமானங்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. 78 பேர் வரும் ஏடிஆருக்கும் 186 பேர் வரும் ஏ320க்கும் ஓடுபாதையில் தேவைப்படும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருக்க, கூட்ட நேரத்தில் சேலம் விமானத்துக்கு ஏன் இடம் தர வேண்டும் என்று கேட்பவருக்குப் பொருளாதாரம் துணைநிற்கிறது. எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டு: காலை ஆறு மணிக்குக் கிளம்பி மாலை திரும்ப முடியாத சிறுநகரச் சேவை யாருக்கும் உதவாது.

2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் நிலையம் இங்கேதான் நம் கேள்விக்குள் வருகிறது. காஞ்சிபுரத்துக்கு வடக்கே, ஏரிகளும் வயல்களும் நிறைந்த பகுதி அது. ஏகனாபுரம் மக்கள் நிலத்தைக் காக்கத் தொடர்ந்து போராடி வருகிறார்கள். அந்தப் போராட்டத்தின் நியாயத்தை விமான வகை பற்றிய ஒரு கட்டுரைக்குள் அடக்க முடியாது, அது தனியே எழுதப்பட வேண்டியது. இங்கே சொல்லக்கூடியது இவ்வளவே: திட்டத்தில் பேசப்படும் இரண்டு நீண்ட இணை ஓடுபாதைகளும் பெரிய விமானங்களை மனத்தில் வைத்தவை. சிறுநகர விமானங்கள் மீனம்பாக்கத்தில் நிற்குமா, பரந்தூருக்கு மாறுமா, இரண்டுக்கும் பிரியுமா என்பதைப் பொறுத்து ஏடிஆரின் எதிர்காலமே மாறும். சேலத்திலிருந்து வருபவர் ஒரு நிலையத்தில் இறங்கி, அறுபது கிலோமீட்டரை ஒட்டிய சாலைப் பயணத்துக்குப் பின் மற்றதில் ஏற வேண்டியிருந்தால், அவர் கோவை வந்தே பாரத் ரயிலிலேயே சென்னைக்கு வந்துவிடுவார்.

இன்னும் திறந்திருப்பவை

முதல் கேள்வி, தேர்ந்தெடுக்க என்ன மிச்சம் இருக்கிறது என்பது. ஃபாக்கர் 1996இல் திவாலானது. சிஆர்ஜே உற்பத்தி 2021இல் முடிந்தது. கியூ400 உற்பத்தியும் அதே ஆண்டில் நின்றது. மிட்சுபிஷி தன் ஜெட் திட்டத்தை 2023 பிப்ரவரியில் கைவிட்டது. எம்ப்ரேயர் புதிய டர்போபிராப் யோசனையை 2022இல் ஒதுக்கிவைத்தது. குறுகிய ஓடுபாதைக்கென ஏடிஆர் திட்டமிட்ட 42-600எஸ் வகையையும் அந்த நிறுவனம் 2024இல் நிறுத்தியது. 70 இருக்கை டர்போபிராப் புதிதாக வாங்க நினைக்கும் இந்திய நிறுவனத்துக்கு நடைமுறையில் ஒரே கடைதான் திறந்திருக்கிறது. அதுவும் 1980களின் அடிப்படை வடிவம். மின்சார, கலப்பு எஞ்சின் விமானங்கள் பற்றிய பேச்சு நிறைய இருக்கிறது. அவை எப்போது 70 பேரைச் சுமந்து சென்னை – தூத்துக்குடி பறக்கும் என்பதற்கு நம்பத்தக்க தேதி இல்லை.

இரண்டாவது, ஆதரவை எதன்மேல் வைப்பது. எடைக்கும் இருக்கைக்கும் சலுகை தருவதைவிடத் தடத்துக்குத் தருவதே மேல் என்பதை இதுவரையிலான சான்றுகள் காட்டுகின்றன. ஆனால் தடத்துக்குத் தந்த உதானும் பாதிக்கு மேல் தொடங்கவே இல்லை. மூன்று ஆண்டு போதாதா, தவறான அளவு விமானமா, நிதிவலுவற்ற நிறுவனங்களா? விமான வகை வாரியாகப் பிரித்து ஆராயாமல் விடை சொல்ல முடியாது. எனினும் புரொப்பல்லரா ஜெட்டா என்ற பழைய வாதத்துக்கு 500 கிலோமீட்டருக்குள் தீர்ப்பு கிடைத்துவிட்டது என்றே கொள்ளலாம். அங்கே இனி விவாதிக்க வேண்டியது விமானத்தைப் பற்றி அல்ல, வரி, நேர ஒதுக்கீடு, நிறுவனத்தின் நிதிவலு ஆகியவற்றைப் பற்றி.

இவற்றில் இரண்டு தமிழ்நாட்டின் கையில் இருக்கின்றன. எரிபொருள் வரியைத் தட வாரியாக மாற்றியமைக்க மாநில அரசால் முடியும். பரந்தூரின் திட்ட ஆவணத்தில், சேலம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களின் விமானங்களுக்கு எந்த நிலையத்தில், நாளின் எந்த நேரங்களில் இடம் ஒதுக்கப்படும் என்பதைக் கட்டுமானம் தொடங்கும் முன்பே எழுதி வெளியிட வேண்டும்.